சுற்றிக்கொண்டே இருந்த வட்டம்

தமண்டானி பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அம்மா தியாமிகே களைத்துப்போய் மேசையில் தலை சாய்த்திருந்தாள். ஊர் ஊராகப் போகும் தடுப்பூசி வண்டி எங்கே நிற்கும் என்று காட்டும் இணையப் பக்கத்தை அவள்தான் செய்திருந்தாள். வரைபடம், ஓடும் படங்கள் எல்லாம் அதில் உண்டு.

பக்கத்து வீட்டு ஃபலேசி அத்தை வந்து வாசலில் பொத்தென்று உட்கார்ந்தாள். முதுகில் கட்டியிருந்த குழந்தை தூங்கியது. காலெல்லாம் செம்புழுதி.

“சொங்கானி ஊர் வரைக்கும் நடந்தேன். வண்டி அங்க இல்ல. போன வாரமும் இதே கதைதான்.”

“போன்ல பாக்கலையா அத்தை?”

“பாத்தேனே! வட்டம் சுத்துச்சு, சுத்திக்கிட்டே இருந்துச்சு. எனக்குத் தலை சுத்தினதுதான் மிச்சம்.”

“என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே வருது?” என்றாள் அம்மா, தலையைத் தூக்காமலே.

தமண்டானி அத்தையின் கீறல் விழுந்த போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, அம்மாவின் முகத்துக்கு நேரே வைத்தாள். வட்டம் சுற்றியது. மூவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அம்மா பெருமூச்சு விட்டாள். “பெரிய ஃப்ரேம்வொர்க் போட்டிருக்கேன். பக்கம் கட்டறவங்களுக்காக யாரோ எழுதிவச்ச ஜாவாஸ்கிரிப்ட் மூட்டை அது. போன்ல அது மொத்தமும் இறங்கினாத்தான் பக்கம் தெரியும்.”

தமண்டானி திரும்பினாள். “அத்தை, அதுல உங்களுக்கு என்ன தெரியணும்?”

“நாளைக்கு வண்டி எங்க நிக்கும்? வேற என்னடி வேணும்?”

“அதுக்கு எதுக்கும்மா அவ்வளவு பெரிய மூட்டை? சின்னதா கிடையாதா?”

“சின்னதா ரெண்டு இருக்கு. ஆனா முதல்லேருந்து எழுதணும். என்னால முடியலடி.”

“நீ எழுது. களி நான் கிண்டறேன். அத்தை, சாப்பிட்டுட்டுப் போங்க.”

அம்மா பக்கத்திலிருந்து ஓடும் படங்களை நீக்கினாள். வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மனசில்லாமல் அதையும் நீக்கினாள். மிச்சத்தை இரண்டு சின்ன மூட்டைகளிலும் தனித்தனியாக எழுதி வைத்தாள்.

“ரெண்டுல எதைப் போடறது?”

“அத்தை போன்லயே பாத்துடலாம்,” என்றாள் தமண்டானி, களி கிண்டும் துடுப்பைக் கையில் பிடித்தபடி.

முதலாவது வருவதற்குள் அத்தை இரண்டு கவளம் விழுங்கிவிட்டாள். இரண்டாவதைத் தொட்டதுமே எழுத்துகள் வந்து நின்றன: ‘நாளை ஜாலி ஊரில், சந்தைக்குப் பின்னால்.’

“அழகே இல்ல,” என்று அம்மா முணுமுணுத்தாள்.

“ஜாலியா? இங்கதானே இருக்கு!” அத்தை கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு தமண்டானி தெருமுனைக்கு வரும்போதே ஃபலேசி அத்தை வீட்டில் குழந்தையின் அலறல் கேட்டது. ஊசி போட்ட இடம் வலிக்கிறதாம். அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, அவ்வளவு சத்தத்திலும் அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தமண்டானி ஜன்னலை மெல்லச் சாத்தினாள்.