ஜன்னலோரம் அமுங்கிய சத்தம்

அந்த வீட்டுக்கு நான் போனது நல்ல வெயில் நேரத்தில். ஸ்பீக்கர் பொருத்துவது என் தொழில். கதவைத் திறந்தவர் பஸ் டிரைவர். முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. புதிதாக ஸ்பீக்கர் வாங்கியிருந்தார். பாட்டு போட்டால் வெறும் முழக்கம்தான், ஒரு வார்த்தையும் விளங்கவில்லையாம்.

அறையைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. நாலு பக்கமும் ஒரே அளவு, மொட்டைச் சுவர்கள். மூலைக்கு ஒன்றாக ஆளுயர ஸ்பீக்கர்கள். தியேட்டருக்கு வாங்கியதைக் குளியலறையில் வைத்த கதை. சின்னதுதான் இங்கே சரிப்படும் என்றேன். தலையசைத்தார். வண்டியிலிருந்த சிறிய ஜோடியைக் கொண்டுவந்து, சுவரை விட்டுத் தள்ளி வைத்தேன்.

முழக்கம் அடங்கியது. பிறகு நீள வயரில் மைக்கை மாட்டி, ஒவ்வோர் இடமாகச் சத்தத்தை அளந்தேன்.

ஜன்னலோரம் மட்டும் ஒத்துவரவில்லை. வெறும் தரையில் பட்ட சத்தம் திரும்பி வர வேண்டும். அங்கே அமுங்கிப் போனது. மெத்தையும் உடம்பும்தான் சத்தத்தை அப்படிக் குடிக்கும்.

மைக்கை உயர்த்தினேன். சரியாகிவிட்டது.

இறக்கினேன். கட்டில் உயரத்தில் மறுபடியும் அமுங்கியது.

அங்கே ஒன்றும் இல்லை. லேசாக மருந்து வாசனை மட்டும்.

"இங்க என்ன சார் இருந்துச்சு?"

"அக்கா கட்டில்."

அம்மா போனபிறகு தன்னை வளர்த்தவள் என்றார். படுத்த படுக்கையாக இங்கேதான் கிடந்தாளாம். அவர் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வருவதற்குள் போய்விட்டாளாம். கட்டிலை யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. இன்னும் அழுகையே வரவில்லை என்றார், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல.

"பாட்டு கேட்டாத்தான் அக்கா தூங்கும். அதுக்குக் கேக்குற மாதிரி வச்சிருங்க."

எனக்குப் பயம்கூட வரவில்லை. இரண்டு ஸ்பீக்கரையும் ஜன்னல் பக்கம் திருப்பினேன். பாட்டு போட்டார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

அவர் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து, மெல்லப் பக்கவாட்டில் தலை சாய்த்தார்.

சாய்ந்த தலை எதிலும் படாமல், கட்டில் உயரத்தில் காற்றில் நின்றது.

கொஞ்ச நேரத்தில் அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

பார்க்காததுபோல மைக்கைக் கழற்றிவிட்டு வயரைச் சுருட்டினேன். பாதியில் இறுகியது. எதிலும் மாட்டியிருக்கவில்லை. நான் இழுக்கவும் இல்லை. ஜன்னலோரம் கிடந்த மறுமுனை தானாகவே நெகிழ்ந்து, என் கை வேகத்துக்கு ஈடுகொடுத்து வந்தது, யாரோ கூட நடந்துவந்து தருவதுபோல.

கைக்கு வந்த முனை வெதுவெதுப்பாக இருந்தது.