தொட்டில் பக்கத்து ஸ்பீக்கர்

வீட்டில் அவளை மைனா என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயவே ஓயாது. அந்த மைனா அன்று சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அப்பாவின் லினக்ஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிக்கூடப் பாட்டில் இரண்டு குரல்கள். முதல் குரலை எல்லாரும் சேர்ந்து பாடவேண்டும். இரண்டாம் குரல் மைனாவுக்கு மட்டும். டீச்சர் பதிவு செய்து கொடுத்ததில் முதல் குரல் இடது ஸ்பீக்கரில் வரும், இரண்டாவது வலது ஸ்பீக்கரில் வரும்.

"நாளைக்குள்ள கத்துக்கோ. வரலைன்னா பரவாயில்ல, எல்லாரோடவும் சேர்ந்து பாடிடு," என்று டீச்சர் சொல்லியிருந்தார். அந்தப் 'பரவாயில்ல'யைத்தான் மைனாவால் தாங்கமுடியவில்லை.

நாலைந்து நாளாக வலது ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை. சத்தத்தைக் கூட்டினால் இடது ஸ்பீக்கர்தான் இன்னும் பலமாகக் கத்தியது.

"மண்டையைப் போட்டுடுச்சு போல," என்று முணுமுணுத்தாள். பிறகு யோசித்தாள். நிஜமாகவே ஸ்பீக்கர்தான் போய்விட்டதா?

மேசைக்கு அடியில் இருந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர் வயர்களையும் பிடுங்கி, இடம் மாற்றிச் செருகினாள். பாட்டைப் போட்டாள்.

வலது ஸ்பீக்கர் கணீரென்று முதல் குரலைப் பாடியது. இடது ஸ்பீக்கர் கம்மென்று இருந்தது. ஆக, ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. கோளாறு கம்ப்யூட்டருக்குள்.

ஆனால் வலது ஸ்பீக்கரை ஒட்டித்தான் தம்பியின் தொட்டில். அவன் வீலென்று அலறினான்.

"போச்சு. இப்பதான் தூங்கவச்சேன்," என்று ஈரக் கையோடு அப்பா சமையலறையிலிருந்து ஓடி வந்து தொட்டிலை ஆட்டினார்.

மைனா பாட்டை நிறுத்திவிட்டு, சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்தாள். இடது, வலது என்று ஒரு கோடு. நடுவில் இருக்கவேண்டிய குமிழ் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, இதை யாரோ நகர்த்தியிருக்காங்க."

அப்பா திருதிருவென்று விழித்தார். "நான்தாம்மா. தொட்டிலை இங்க மாத்தினோம்ல, அன்னிக்கு. இந்தப் பக்கம் சத்தம் வந்தா தம்பி முழிச்சுக்குவான்னு நினைச்சேன்."

"நான் பாடவேண்டியது அந்தப் பக்கம்தாம்பா இருந்துச்சு."

இந்த வீட்டில் இப்போதெல்லாம் எல்லாமே தம்பிக்காகத்தான். மைனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. "எனக்குத் தோணவே இல்லடா. நடுவுல வச்சிடு. அவன் அழுதா அழட்டும், நான் பார்த்துக்கறேன்."

மைனா மவுஸைப் பிடித்தாள். தம்பியைப் பார்த்தாள். அவனுடைய உதடு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

நடுவில் வைத்தால் இரண்டும் பாடும். அவன் மறுபடியும் அலறுவான். ஆனால் வயர்களை மாற்றிவிட்டோமே. இப்போது வலப்பக்கத்துக் குரல் இடது ஸ்பீக்கரில்தானே வரும்?

குமிழை வலது ஓரத்துக்கு இழுத்தாள். சத்தத்தைக் குறைத்தாள். பாட்டைப் போட்டாள்.

தொட்டில் பக்கம் அமைதி. தள்ளியிருந்த ஸ்பீக்கரில் முதல் முறையாக இரண்டாம் குரல் வந்தது. மைனா கூடவே பாடிப் பார்த்தாள். திரும்பத் திரும்பப் பாடினாள்.

"என்னப்பா இது, தனியாப் பாடினா தலையும் இல்ல, வாலும் இல்ல?"

தொட்டிலை ஆட்டிக்கொண்டே அப்பா மெல்லப் பாட ஆரம்பித்தார். முதல் குரல், ஒரு சொல் பிசகாமல்.

"உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"நாலஞ்சு நாளா இதைத்தானேம்மா அலறவிட்ட? தோசைக் கல்லுக்குக்கூடத் தெரியும்."

மைனா சிரித்துவிட்டாள். அப்பா பாட, அவளும் பாட, இரண்டு குரலும் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டன. தம்பி அழுகையை மறந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தான். தூங்கத்தான் இல்லை.

பாட்டு முடிந்தது.

"இன்னொரு தடவை பாடலாமா?" என்று கேட்டது மைனா இல்லை, அப்பா.