வீட்டுக்கு வாங்க

லேப்டாப்பை மூடிய பிறகும் சரளைக்கல்லில் யாரோ நடக்கும் சத்தம் நிற்கவில்லை.

ஸ்வர்ணா மறுபடி திறந்து, சுற்றுலா முடிந்த வெறும் திரையைப் பார்த்துவிட்டு, ஒலியைச் சுத்தமாக அடக்கி மூடினாள். ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் மத்தியானத்திலிருந்தே குளிர்கால மழை. ஹீட்டர் சூட்டில் உலரும் துணிகளின் ஈர வாடையோடு, வெயிலில் காய்ந்த புல்லின் வாசமும் பழைய சுண்ணாம்புத் தூசியின் நெடியும் ஹாலுக்குள் கலந்து வந்தன. சத்தம் வீட்டுக்குப் பக்கவாட்டில், கார் நிற்கும் இடத்தில் கேட்டது. அங்கே சிமெண்டுத் தரைதான், பேருக்குக்கூட ஒரு சரளைக்கல் கிடையாது.

கணவன் கதிருக்கு ஆஸ்பத்திரியில் மாலை ஷிப்ட். வீட்டில் அவளும், காய்ச்சல் விட்டு உள்ளறையில் தூங்கும் மகள் சிந்துவும்தான். கிரேக்கத்துக்குப் போய்ப் பார்ப்பதெல்லாம் இந்த ஜென்மத்தில் நடக்காது என்றுதான் இந்த நேரலைச் சுற்றுலாவில் சேர்ந்திருந்தாள். வழிகாட்டிப் பெண் போனைப் பிடித்தபடி அங்கத்திய காலை வெயிலில் இடிபாடுகளுக்கு நடுவே நடந்து காட்டினாள். கடைசியாக ஒரு பழைய இடுகாடு. கல்லறைப் பலகைச் சிற்பத்தில் ஒரு பெண் உட்கார்ந்து வலது கையை நீட்டியிருந்தாள். அந்தக் கையைப் பிடித்திருந்த உருவம் உடைந்து போயிருந்தது. அது அவளுடைய குழந்தை என்றும், அந்தத் துண்டு கிடைக்கவே இல்லை என்றும் வழிகாட்டி சொன்னாள்.

விடைபெறும்போது, போய் வருகிறேன், ஆக்லாந்து வந்தால் கட்டாயம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்றாள் ஸ்வர்ணா. நம் ஆட்களின் வாய் அப்படித்தான். ஆனால் வழிகாட்டி போனைச் சாய்த்து வைத்துவிட்டு எங்கோ நகர்ந்திருந்தாள். திரை முழுக்க அந்தச் சிற்பப் பெண்ணின் கல் முகம் மட்டுமே இருந்தது.

இடுகாட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும் என்பது ஸ்வர்ணாவுக்குத் தெரியாததா என்ன? லேப்டாப்தானே என்று அசட்டையாக இருந்துவிட்டாள். இப்போது கதிரை போனில் கூப்பிட்டாள்.

"வெளிய யாரோ நடக்கிறாங்க."

"கதவு பூட்டியிருக்கா?"

"பூட்டியிருக்கு."

"அப்ப பக்கத்து வீட்டுப் பூனையா இருக்கும். பேஷன்ட் கூப்பிடுறாங்க, வெச்சிடவா?"

வைத்துவிட்டான்.

நடைச் சத்தம் வாசலில் வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. பூட்டு அசையவில்லை.

அடுத்த அடி உள்ளே விழுந்தது.

சரக்.

மரத்தரையில் சரளை மிதிபடும் சத்தம். அவளைக் கடந்து போனது. முழங்காலில் சில்லென்று ஏதோ உரசியது. உள்ளறைப் பக்கம்.

"ஐயோ, குழந்தை."

ஓடினாள். விளக்கைப் போட்டாள்.

சிந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வலது கை எதிரே நீண்டிருந்தது. எதிரே யாரும் இல்லை. மெத்தை மட்டும் ஆழமாக அமுங்கியிருந்தது.

"மம்மி, திஸ் ஆன்ட்டி செட் யூ இன்வைட்டட் ஹெர்."

"இல்லடி! நான் யாரையும் கூப்பிடல! கையை விடு!"

வாரித் தூக்கினாள். தூக்க முடியவில்லை. காய்ச்சலில் இளைத்த பிள்ளை. இம்மியும் நகரவில்லை.

சின்ன விரல்கள் வெளுத்தன. பிறகு மணிக்கட்டு. முழங்கை. தோள். கட்டிக்கொண்ட ஸ்வர்ணாவின் கைகளுக்குள் உடம்பு சில்லிட்டுக் கல்லாய் இறுகியது. கழுத்து. கன்னம்.

சிந்து எதிரே பார்த்துச் சிரித்தாள். வெளுப்பு உதட்டைக் கடந்து போன பிறகும் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.