இங்க ஆள் வர்றாங்க

"கூட்டத்துல அவ கைய மட்டும் விட்டுடாதே" என்று கணவன் போனில் சொன்னதையே மறுபடியும் சொன்னான். கடையில் பண்டிகை வியாபாரம். அவனுக்கு லீவு இல்லை.

"எத்தனை வாட்டி சொல்வீங்க? நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்று தையல்காரி போனைப் பைக்குள் போட்டாள்.

மகளை வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். வாடிக்கைத் துணிகளுக்கு நடுவே நேரம் திருடித் தைத்த மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். பொத்தான் ஒன்று குறைந்ததால் கழுத்தில் மட்டும் ஒரு பச்சைப் பொத்தான்.

நடைமேடையில் எள் விழ இடமில்லை. சாயங்கால வெளிச்சம் வேறு மங்கிக்கொண்டு வந்தது. வியர்வையும் இரும்பும் கலந்த ஒரு வாடை. மேலே ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது: "படிக்கட்டில் பயணம் செய்யாதீர்கள். குழந்தைகளை ஜன்னல் வழியாக ஏற்றாதீர்கள்."

"அம்மா, அந்த ஆன்ட்டி என்னையா சொல்றாங்க?"

"உன்ன இல்லடி. பொதுவா சொல்றாங்க."

ரயில் வந்தது. வாசல்களில் ஆட்கள் அப்பிக்கொண்டார்கள். கடைசிப் பெட்டியில் ஒரு ஜன்னல் மட்டும் கம்பியில்லாமல் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு முழு இருக்கை காலி. அதில் ஒரு சிறுமி, இரண்டு கையையும் அகல விரித்து இடம் பிடித்திருந்தாள்.

"இங்க ஆள் வர்றாங்க" என்றாள், யாரும் கேட்காமலேயே.

"பாப்பா, இவளையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கறியா? நான் வாசல் வழியா வந்துடறேன்."

"குடுங்க."

"அந்த ஜன்னல்ல வேணாம்மா!" தலைச்சுமையோடு போன போர்ட்டர் ஒருவர் கத்தினார். அதற்குள் வாலுவின் பாதி உடம்பு உள்ளே போயிருந்தது.

"அம்மா, இந்த அக்கா கை சில்லுன்னு இருக்கு."

தையல்காரி கையை விட்டாள்.

முட்டி மோதி ஏறினாள். வண்டி நகர்ந்தது. "ஏம்மா, கால மிதிக்கறியே, கண்ணு எங்க இருக்கு?" "கோவிச்சுக்காதீங்கண்ணா, உள்ள என் பொண்ணு தனியா இருக்கா."

அந்த இருக்கையில் நெருக்கியடித்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் மூடியிருந்தது.

"இங்க என் பொண்ணு... இப்பதானே இந்த ஜன்னல் வழியா ஏத்திவிட்டேன்."

"இதுலயா?" ஓரத்தில் இருந்த தடித்த மனிதர் ஜன்னலைத் தட்டிக் காட்டினார். "துருப்பிடிச்சுக் கெடக்கும்மா. ஏறினதுலேருந்து புழுங்கிச் சாகறோம். இத நீங்க தொறந்துட்டா உங்களுக்குக் கோயிலே கட்டறேன்."

அப்போதுதான் அவள் உள்ளங்கைக்குள் சின்ன விரல்கள் நுழைந்தன.

சில்லென்று.

"வந்துட்டியா, அம்மா?"

குனிந்து பார்த்தாள்.

யாருமில்லை.

சங்கிலியை இழுத்தார்கள். போலீஸ் தண்டவாளம் முழுக்கத் தேடியது. நடைமேடை பெஞ்சில் கிடந்தவள் பக்கத்தில் அந்தப் போர்ட்டர் வந்து உட்கார்ந்தார்.

"கத்தினேனேம்மா. அங்க எப்பவும் ஒரு புள்ள இடம் புடிச்சு உக்காந்திருக்கும். இன்னொரு புள்ள உள்ள வந்தாத்தான் அது எறங்கும்."

"அப்ப என் பொண்ணு?"

அவர் தலைத்துணியை மறுபடி சுற்றிக்கொண்டு எழுந்து போனார்.

கணவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "கைய ஏன் விட்டே?" அவள் வலது கையில் சூடு திரும்பவேயில்லை. கத்தரி பிடிக்க முடியாமல் தையல் மிஷினுக்கு உறை போட்டாள்.

அடுத்த வருஷமும் பண்டிகை வந்தது. அதே கூட்டம், அதே குரல். அவள் கடைசிப் பெட்டி நிற்கும் இடத்தில் போய் நின்றாள்.

ஜன்னல் திறந்திருந்தது.

மஞ்சள் கவுன். பச்சைப் பொத்தான். வாலு ஒரு விரற்கடைகூட வளரவில்லை. இரண்டு கையையும் விரித்திருந்தாள்.

"வாலு! அம்மாடி, இங்க பாரு!"

"இங்க ஆள் வர்றாங்க." அவள் பார்வை தாயைத் தாண்டிப் போனது.

பக்கத்தில் ஒருத்தி, தோளில் பையும் இடுப்பில் மகனுமாக முட்டிக்கொண்டு வந்தாள். "இடம் இருக்குடா தங்கம்! உள்ள அக்கா இருக்கா பாரு. பயப்படாம போ." மகனை ஜன்னலுக்குத் தூக்கினாள்.

இன்னொரு பிள்ளை உள்ளே வந்தால்தான்.

தையல்காரியின் நாக்கு நுனியில் ஒரே ஒரு வார்த்தை நின்றது. வேணாம்.

சொல்லவில்லை.

பையன் உள்ளே போனான். மஞ்சள் கவுன் வாசல் வழியே கால்களுக்கு இடையில் நுழைந்து இறங்கி ஓடி வந்தது. தையல்காரி மண்டியிட்டு இரண்டு கையையும் விரித்தாள்.

"வாடி, என் கண்ணு..."

வாலு அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனாள். படியில் ஏறிக்கொண்டிருந்த அந்த இன்னொருத்தியின் கைக்குள் தன் கையை நுழைத்தாள்.

"வந்துட்டியா, அம்மா?"

அந்தப் பெண் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தாள். வண்டி நகர்ந்தது.

தையல்காரியின் கைகள் விரித்தபடியே நின்றன. வலது உள்ளங்கையில், ஒரு வருஷமாக விடாத அந்தச் சில்லென்ற விரல்கள் மெல்ல இறுகின.

"போலாமா, அம்மா?"