முன்சீட்டில் மூன்றாவது இடம்

“நீங்க முதல்ல அந்தக் கம்பியை விடுங்க, நான் கேக்குறது—”

“நாளைக்கு விசேஷத்தை வச்சுக்கிட்டு இப்ப வந்து வேண்டாம்னா, வடிவு, உங்க அண்ணனுக்கு நான் என்ன—”

“நாச்சிக்கு அஞ்சு வயசுதானே—”

“அஞ்சு வயசுலதானே எல்லாரும் பிரிக்கிறாங்க!”

சொல்லிவிட்டு இரண்டு பேருமே திகைத்துப்போனார்கள். ஒருவர் பேச்சின்மேல் இன்னொருவர் பேச்சு ஏறி விழுந்திருந்தது! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வடிவுக்கும் கோமதிநாயகத்துக்கும் இப்படி நடந்ததே இல்லை.

எப்படி நடக்கும்? ஆளுக்கொரு கூடு. கூடுதான் வண்டி, கூடுதான் அறை, படுக்கையும் அதுவேதான். நாலு கூடுகள் வந்து ஒட்டிக்கொள்கிற தூணுக்குப் பெயர் வீடு. கூட்டுக்குள்ளிருந்து பேசினால், ஒருவர் முடித்த பிறகே மற்றவர் பேச்சைச் சூடு ஆற்றி உள்ளே அனுப்பும் ‘இடைச்செவி’ என்ற கருவி. நேரில் பார்த்தால் நல்ல வார்த்தை நாலு பேசலாம். வழக்கு என்று வந்தால் அவரவர் கூட்டுக்குப் போய்விடுவதுதான் மரியாதை.

பிள்ளைகள் ஐந்து வயதுவரை தாயின் கூட்டில், தாய்மடியில். அப்புறம் கூடு பிரிப்பு. புதுக் கூட்டுக்கு மஞ்சள் பூசி, தாய்மாமன் பிள்ளையைத் தூக்கி உள்ளே வைத்து மூடியைச் சாத்துவார். நாளைக்கு நாச்சியின் முறை. அவளுக்கான கூட்டை வரைந்தவளே வடிவுதான். குலுங்காத கூடு; விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய தம்ளரை வைத்தாலும் தளும்பாது என்று ஒரகடம் ஊர்தி ஆய்வகமே மெச்சியது. மெச்சின நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை.

இப்போது அவர்கள் உட்கார்ந்திருந்தது, இருவரும் வேலை பார்க்கும் அந்த ஆய்வகத்துக்கு ஆராய்ச்சிக்காக வந்திருந்த ஒரு கிழட்டுக் காருக்குள். இரண்டாம் உலகப் போர் முடிந்த சூட்டோடு அமெரிக்காவில் செய்தது. ஏதோ பாலைவனக் கொட்டகையில் துருப்பிடிக்காமல் நூற்றாண்டுகளைத் தூங்கிக் கழித்திருந்தது. கதவுக்குக் கதவு நீண்டு கிடந்த முன்சீட்டைப் படுக்கை என்றே கோமதிநாயகம் சாதித்துவந்தான். ஒரு ஆளுக்கு இவ்வளவு அகலம் வேறெதற்கு?

“சரி, சண்டை வேண்டாம். இதைப் பாரு,” என்று ஸ்டியரிங் தண்டை ஒட்டியிருந்த கியர் கம்பியைத் தட்டினான். “கியர் பெட்டி இருக்கறது தரைக்கு அடியில. கம்பியை நேரா மேல நீட்டியிருந்தா முடிஞ்சது. இவங்க முன்னால கொண்டுபோய், வளைச்சு, தண்டோட சேர்த்து மேல ஏத்தி... தலையைச் சுத்தி மூக்கைத் தொட்டிருக்காங்க. மடப்பயலுங்க!”

பின்சீட்டில் குதித்துக்கொண்டிருந்த நாச்சி முன்பக்கம் ஏறி விழுந்து, இரண்டு பேருக்கும் நடுவில் சொருகிக்கொண்டு காலை நீட்டினாள்.

வடிவு அந்தக் காலையே பார்த்தாள்.

“ஏங்க, கம்பி நேரா வந்திருந்தா எங்க வந்திருக்கும்?”

“எங்க வரும், இங்கதான்...” கோமதிநாயகத்தின் விரல் மகளின் முழங்காலில் வந்து நின்றது. நின்றது நின்றபடி இருந்தது.

வடிவு இறங்கிவிட்டாள். புதுக் கோயிலைச் சுற்றுகிறவள் மாதிரி காரைச் சுற்றினாள். இதற்கு முந்தைய கார்களில் சக்கர மூடிகள் புடைத்து வெளியே நிற்கும், உடம்பு நடுவில் ஒடுங்கியிருக்கும். இதில் பக்கத் தகட்டை மூடிகளின் விளிம்புவரை இழுத்து, வந்த அகலத்தையெல்லாம் சீட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். பின்சீட்டு பின்சக்கர அச்சின்மேல் இல்லை. எஞ்சினையே முன்னால் தள்ளி, பின்சீட்டை அச்சுக்கு முன்னே இறக்கியிருந்தார்கள்.

“பின்னாடி இருக்கறவங்களுக்குத் தூக்கிப் போடக்கூடாதுன்னுங்க! முன்னால மூணு பேரு, பின்னால மூணு பேரு. ஒரு குடும்பத்தையே ஒண்ணா உக்கார வைக்கத்தான் இவ்வளவு இரும்பையும் வளைச்சிருக்கான்!” அவள் ஜன்னலுக்குள் குனிந்தாள். “நாம ஒரு ஆளை உக்கார வைக்கத்தானே இத்தனை படிச்சோம்?”

“சீட்டுல கட்டிக்கப் பட்டைகூட இல்லை வடிவு. முன்னால முழுக்க இரும்பு. குழந்தை மூக்கு என்னத்துக்கு ஆகும்?”

“அதுவும் நிசம்தான்,” என்று திரும்ப ஏறி உட்கார்ந்தாள். “மெதுவா ஓட்டுங்க.”

ஆறு சிலிண்டர்களும் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தன. தரை, சீட்டு, விலா எலும்பு எல்லாம் ஒரே சுருதியில் அதிர்ந்தன. சோதனைத் தடத்தில் கார் ஊஞ்சல்போல் அசைந்து போனது. திருப்பத்தில் மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய, நாச்சி கெக்கலி கொட்டிச் சிரித்தாள்.

ஒரு நாய் குறுக்கே ஓடியது.

கோமதிநாயகம் பிரேக்கில் ஏறி நின்றான். நாச்சி முன்னால் பாய்ந்தாள். அவள் நெற்றி இரும்பைத் தொடுவதற்குள் இந்தப் பக்கமிருந்து ஒரு கை, அந்தப் பக்கமிருந்து ஒரு கை, இரண்டும் அவள் நெஞ்சுக்குக் குறுக்கே வந்து பின்னிக்கொண்டன.

யார் சொல்லிக் கொடுத்தது? அவர்கள் வாழ்நாளில் எந்தக் கூடும் இப்படி நின்றதில்லை. எஞ்சின் அணைந்துவிட்டது. கைகளை இருவரும் எடுக்கவில்லை. அந்தக் கைகளின்மேல் மோவாயை வைத்துக்கொண்டு நாச்சி அண்ணாந்து பார்த்தாள்.

“அம்மா, நீ எனக்குச் செஞ்ச கூடு இந்த மாதிரி திடீர்னு நிக்குமாம்மா?”