சாண்ட்ரா ஃபோல்டரில் ஒட்டுக்குடித்தனம்

பெடலைத் தரையோடு தரையாக மிதித்தாயிற்று. முள் எண்பதிலேயே நின்றது. எண்பத்தொன்று என்று ஓர் எண் உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது போல...

ஃபெடரல் ஹைவே. வெள்ளிக்கிழமை சாயங்காலம். மழை வரட்டுமா, வேண்டாமா என்று வானம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தது. கிள்ளானில் ஒரு நோயாளியின் வீட்டுக்கு ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஜோசஃபினுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட் வேலை. ஒடிந்து கூடிய கால்களுக்கு மறுபடியும் நடை சொல்லிக் கொடுப்பவள். ஆனால் சொந்த வண்டியை நடக்க வைக்கத் தெரியவில்லை.

வலதுபக்க லேனில் பின்னாலேயே ஒரு நீலப் பிக்கப். விளக்கை அடித்து அடித்துக் காட்டியது. அப்புறம் ஹாரன். ஒன்று... இரண்டு... அப்புறம் விடாமல்.

"போறேன்லா! இதுக்கு மேல வேணும்னா நான் இறங்கித் தள்ளணும்!"

கண்ணாடியைப் பார்த்துக் கத்திவிட்டு, இடதுபக்கம் ஒதுங்கி பெட்ரோல் நிலையத்துக்குள் வண்டியை விட்டாள். நிம்மதி என்று மூச்சு விடவில்லை, அந்த நீலப் பிக்கப்பும் பின்னாலேயே வந்து நின்றது. அதிலிருந்து ஒருவன் இறங்கினான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு... சண்டைக்குத்தான் வந்தான். ஆனால் அந்தக் கண்கள்! முகம் முழுக்கக் கோபம் இருக்க, கண்கள் மட்டும் கோபப்பட மறந்துவிட்டிருந்தன.

"ஏன் மிஸ், ஃபாஸ்ட் லேன்ல தேர் இழுக்கிறீங்களா?"

"எனக்கு என்ன ஆசையாண்ணே? எண்பதுக்கு மேல போக மாட்டேங்குது. வாங்கி மூணு வாரம் ஆச்சு. ரெண்டு மெக்கானிக் பார்த்துட்டாங்க. இன்ஜின் நல்லாத்தான் இருக்குன்றாங்க!"

அவன் பதிலுக்கு வாயைத் திறந்தான். அதற்குள் அவன் பார்வை நம்பர் பிளேட்டில் விழுந்தது. திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. அந்த வெள்ளை மைவி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"இத எங்க வாங்குனீங்க?"

"செலாயாங்ல. செகண்ட் ஹேண்ட். ஏன்?"

"இன்ஜின்ல ஒண்ணும் இல்ல மிஸ். இன்ஜினுக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. அதுல எண்பதோட நிறுத்துன்னு எழுதியிருக்கு. நீங்க எவ்வளவு மிதிச்சாலும் அது கேக்காது."

"எந்தப் புண்ணியவான் எழுதுனான்?"

சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தானே போட்ட கட்டுக்குத் தானே ஹாரன் அடித்த ஆளை அவள் இதுவரை பார்த்ததில்லை! அவனும் சிரித்துவிட்டான். சிரித்தால் இன்னும் மோசம்... அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

பெயர் காலேப். கிள்ளானில் சொந்தமாக வொர்க்ஷாப். காரின் கம்ப்யூட்டருக்குள் போய் வேகத்தையும் பாய்ச்சலையும் மாற்றி எழுதுவதுதான் தொழில். எல்லாவற்றையும் சொன்னவன், கடைசியில் அதையும் சொன்னான்.

"இது சாண்ட்ரா ஓட்டுன வண்டி."

சாண்ட்ரா... அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் ஒரு படி இறங்கியது. ஜோசஃபின் அதைக் கவனித்தாள். பத்து நிமிஷம் முன்னால் வரை யாரென்றே தெரியாத ஒருத்தன், யாரென்றே தெரியாத ஒருத்தியின் பெயரைச் சொன்னதற்கு அவள் வயிறு ஏன் எரிய வேண்டும்? எரிந்ததே!

"அவங்களுக்கு ஏன் எண்பது?"

"அது... பெரிய கதை மிஸ். நாளைக்கு வாங்க, எடுத்து விடுறேன்."

அவ்வளவு அக்கறை! ஒருத்தி வேகமாகப் போய் அடிபட்டுவிடக் கூடாது என்று வண்டிக்கே கடிவாளம் போட்டு வைத்திருக்கிறான். கிள்ளான் போய்ச் சேரும்வரை ஜோசஃபின் இதையே நினைத்து நினைத்து வெந்தாள்.

மறுநாள் எண்பதை எடுக்க அவனுக்குப் பத்து நிமிஷம்தான் பிடித்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் சொருகி, லேப்டாப்பில் நாலு தட்டுத் தட்டினான். முடிந்தது. நன்றி சொல்லிக் கிளம்ப வேண்டியதுதான்... அவள் கிளம்பவில்லை, அவனும் வயரைக் கழற்றவில்லை.

"இன்னொண்ணு இருக்கு மிஸ். பெடல மிதிச்சதும் வண்டி எவ்வளவு பாயணும்னு முடிவு பண்றதும் இந்தக் கம்ப்யூட்டர்தான். இப்ப உள்ள இருக்கறது சாண்ட்ரா காலுக்கு எழுதுனது. அவங்க பூ மாதிரி மிதிப்பாங்க. நீங்க..."

"நான்?"

"நீங்க யாரையோ மிதிக்கிற மாதிரி மிதிக்கிறீங்க."

'அந்த யாரோ யார் என்று தெரிந்தால் நீ இப்படிச் சிரிக்கமாட்டாய்' என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் தொழிலுக்கு ஒரு முறை வைத்திருந்தான். ஓட்டுகிறவரின் பக்கத்து சீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்து, அந்தக் காலையும் திரையில் ஓடும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்துத்தான் எழுதுவான். ஃபோல்டருக்கு நம்பர் பிளேட்டைப் பெயராக வைக்கமாட்டான், ஆள் பெயரைத்தான் வைப்பான். வண்டி எல்லாம் ஒன்றுதான், கால்தான் ஆளுக்கு ஆள் வேறு என்பான்.

சனிக்கிழமைதோறும் இப்படியே. ஒரு வாரம் பந்திங் ரோடு, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே. அடுத்த வாரம் செந்தூலில் அவள் வீடு வரைக்கும். நாள் முழுக்க அடுத்தவர்கள் கால்களையே பார்க்கிறவளுக்கு, தன் காலை ஒருவன் இவ்வளவு கவனமாகப் பார்ப்பது கூச்சமாக இருந்தது, பிடித்தும் இருந்தது. உடனே நெஞ்சில் சுருக்கென்று... இதே சீட்டில் உட்கார்ந்துதானே சாண்ட்ராவின் காலையும் பார்த்திருப்பான்? இப்படித்தானே குனிந்திருப்பான்?

நோயாளிகளுக்கெல்லாம் தட்டைச் செருப்புப் போடச் சொல்லி மிரட்டுகிறவள், மூன்றாம் வாரம் வெள்ளிப் பட்டை வைத்த குதிகால் செருப்பில் வந்து இறங்கினாள்.

காலேப் பார்த்தான். பார்த்து, ரொம்ப அக்கறையாக, "செருப்ப மாத்திட்டீங்களா மிஸ்? ரீடிங் தப்பா வருமே," என்றான்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. எதற்கு இவ்வளவு பாடு? 'சாண்ட்ரா இன்னும் உங்கள் மனசில் இருக்கிறாளா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தது. கேட்பாளா? மாட்டாள். கேட்டால் இவளுக்கு ஆசை என்று தெரிந்துவிடுமே! 'அண்ணே' போய் 'பாஸ்' ஆனது மட்டும்தான் அந்த மூன்று வாரத்து முன்னேற்றம். அவனும் அதைக் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நாலாவது சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனார்கள். "இன்னிக்கு உங்க காலுக்கு எழுதுன மேப்ப ஏத்திட்டா முடிஞ்சது மிஸ். அப்புறம் நீங்க கிள்ளானுக்கு அலைய வேண்டாம்," என்று அவன் சொன்னபோது, அலையத்தானே ஆசை என்று அவள் சொல்லவில்லை. மழை மறுபடியும் ஆரம்பித்தது. சாலையோரத்தில் வடைக் கடையைப் பார்த்ததும் நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினான். லேப்டாப் சீட்டில் திறந்தே கிடந்தது.

பார்க்கக் கூடாதுதான். பார்த்தாள்.

'சாண்ட்ரா' என்று ஒரு ஃபோல்டர். திறந்தாள். உள்ளே 'ஒரிஜினல்' என்று ஒன்று. 'எண்பது' என்று ஒன்று. எல்லாவற்றுக்கும் கீழே, ஓரமாக... 'ஜோசஃபின்'.

அவளுக்கென்று தனியாக ஒரு ஃபோல்டர்கூட இல்லை! சாண்ட்ரா வீட்டில் ஓர் அறை. ஒட்டுக்குடித்தனம்! நாலு வாரமாகப் பொறுத்துக்கொண்டிருந்தது எல்லாம் மடமடவென்று தலைக்கு ஏறியது. நான் என்ன, அவள் விட்டுப்போன வண்டியையும் ஓட்டி, அவள் விட்டுப்போன... சே! விரல் முந்திக்கொண்டது. அழி. 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கேட்டது. நிச்சயமாக! குப்பைத்தொட்டியையும் திறந்து காலி செய்தாள். தன் பெயரும் சேர்ந்தே போனது. போகட்டும்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அது அவளுக்கு அடுத்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

காலேப் நனைந்துகொண்டே வந்து சூடான வடையை அவள் கையில் வைத்தான். லேப்டாப்பை மடியில் எடுத்தான். தேடினான். மறுபடியும் தேடினான். முகம் வெளிறியது.

"காணோம்... எல்லாம் போச்சு. எங்கயோ கை தவறி நானே அழிச்சிருக்கேன். முட்டாள்... முட்டாள்!"

தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டான். அவள் கடித்த வடையைத் தாளிலேயே திருப்பி வைத்தாள்.

"விடுங்க பாஸ். வண்டி இப்பவே நல்லாத்தானே ஓடுது..."

"இல்ல மிஸ். கம்பெனிக்காரன் எழுதுன ஒரிஜினல் என் கையில இல்லாம நான் எந்த வண்டியையும் வெளிய விட்டதில்ல. நாளைக்கு ஏதாவது கோளாறு வந்தா பழையபடி மாத்துறதுக்கு அது வேணும். அதுவும் உங்க வண்டி..." நிறுத்தினான். ஒரு நிமிஷம் யோசித்தான். "சாண்ட்ராகிட்ட ஒரு காப்பி இருக்கு."

"என்னது?"

"பிரியும்போது, வேற எங்கயாவது மாத்திக்கிறேன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. மாத்தாமலே வித்துட்டாங்க போல. ரெண்டு வருஷமா பேசல. பரவால்ல, ஃபோன் போட்டுக் கேக்குறேன்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ரெண்டு வருஷமாகப் பேசாதவர்களை இவளே உட்கார்ந்து பேச வைக்கிறாள்! ஃபோன் திரையில் அந்தப் பெயர் எரிந்தது. மணி அடித்தது. ஒன்று... இரண்டு... அவன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான். ஃபோனில் பேசுவதற்குக் காலர் எதற்கு? மூன்று...

ஃபோனைப் பிடுங்கி வெட்டிவிட்டாள்.

"கூப்பிடாதீங்க! நான்தான் அழிச்சேன்."

காலேப் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தான்.

"நீங்களா? ஏன் மிஸ்?"

"ஏன்னா... எனக்குப் பொறாமை! அந்தப் பேரைச் சொன்னாலே வயிறு எரியுது. அவங்க காலு, அவங்க மேப்பு, அவங்க ஃபோல்டரு... உங்க லேப்டாப்லகூட நான் அவங்களுக்குக் கீழதான் இருக்கேன். முகம்கூட தெரியாது எனக்கு, அவ்வளவு பொறாமை. போதுமா? சிரிங்க. உங்க தொழிலையும் கெடுத்துட்டேன்."

கண் நிறைந்துவிட்டது. பொறாமை என்று சொல்ல வந்தவள் என்ன சொல்லிவிட்டாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. காதுவரை சூடேறியது.

காலேப் சிரிக்கவில்லை.

"ஜோ..." முதல் தடவையாக அந்தப் பெயர். "அந்த எண்பது எதுக்குன்னு கேட்டீங்களே. அக்கறைன்னு நினைச்சீங்களா? இல்ல. சாண்ட்ரா ஒவ்வொரு சனிக்கிழமையும் ஈப்போவுக்கு கொயர்ல பாடப் போவாங்க. அங்க பியானோ வாசிக்கிறவன் மேல எனக்குச் சந்தேகம். வண்டி மெதுவா போனா சலிச்சுப்போய் ஈப்போ போறத விட்டுருவாங்கன்னு, அவங்களுக்குத் தெரியாம எண்பது எழுதி வச்சேன். இன்ஜின்ல கோளாறுன்னு பொய் சொன்னேன். ஆறு வாரம்! கண்டுபிடிச்ச அன்னிக்கே போயிட்டாங்க. அவங்க செஞ்சது சரி."

இத்தனை நாள் பெரிய காதல் என்று நினைத்து வெந்தாளே, அது இதுதானா? ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"எனக்கும் எண்பது போடுவீங்களா?"

"தோணும். நான் யோக்கியன்னு சொல்ல மாட்டேன். நீங்க கிளினிக்ல யாரோ ஒரு டாக்டரைப் பத்திப் பேசுனப்பவே தோணுச்சு. ஆனா இனிமே தோணுனா வாயத் திறந்து சொல்லுவேன். வண்டியில எழுத மாட்டேன்."

"டாக்டருக்கு அறுபது வயசு."

"தெரியாதே! ஒரு வாரம் தூங்கல."

அழுதுகொண்டே சிரித்தாள். அந்த நேரம் பார்த்து, அவள் கையிலிருந்த ஃபோன் அடித்தது. சாண்ட்ரா!

இருவரும் அதையே பார்த்தார்கள். ஜோசஃபின் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஸ்பீக்கரைத் தட்டி அவன் முன்னால் நீட்டினாள்.

"காலேப்? என்ன, அதிசயமா இருக்கு?" குரலும் அழகாகத்தான் இருந்தது, பாவி.

"சாண்ட்ரா... அந்த மைவியோட ஒரிஜினல் ஃபைல் வேணும். என்கிட்ட இருந்தது போயிடுச்சு."

"உன்கிட்ட போயிடுச்சா? எப்படிலா?"

கை தவறி என்று அவன் சொல்லியிருக்கலாம். ஜோசஃபினைப் பார்த்தான். அந்தக் கண்கள்...

"இப்ப அந்த வண்டிய நான் காதலிக்கிற பொண்ணு ஓட்டுறா. அவதான் அழிச்சா."

அந்தப் பக்கம் வாய்விட்டுச் சிரித்தாள் சாண்ட்ரா.

"அழிச்சுட்டாளா? ஏன், அவளுக்கு என்ன பொறாமையா?"

ஜோசஃபின் ஃபோனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"ஆமாக்கா," என்றாள். "ரொம்ப."