இரண்டு மணி ஒப்பம்

காலை ஆறு மணிக்கு மூச்சு விடுவதற்கான ஒப்பத்தை வைத்த பிறகுதான் செலஸ்தீனா பல் துலக்கப் போனாள்.

'தொண்டி' என்ற அந்தச் சரக்குக் கலத்தில் எல்லாமே அப்படித்தான். படுக்கைக்கு எதிரே சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகை இருந்தது. ஆறு, இரண்டு, பத்து என்று எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அது பச்சையாக ஒளிரும். கம்பெனியின் நிபந்தனைகள் அதில் எறும்புச் சாரையாக ஓடும். கீழே பெருவிரலை வைத்தால் அடுத்த எட்டு மணி நேரத்துக்குக் காற்றும் சூடும் வெந்நீரும் வரும். செரஸ் குறுங்கோளில் பிறந்த யாருக்கும் இது புதிதல்ல. அங்கே பிறந்த குழந்தையின் விரலைத்தான் முதலில் பதிவெடுப்பார்கள், பெயரெல்லாம் அப்புறம்.

கலத்தில் இரண்டே பேர். நாற்பத்து மூன்று வயது செலஸ்தீனா கலத்தை ஓட்டுபவள். ஐம்பத்தெட்டு வயது சதக்கத்துல்லா எந்திரங்களைக் கவனிப்பவர். இவர்களைத் தவிர கலத்தை நடத்தும் அறிவு ஒன்று உண்டு. அதற்குக் கலமதி என்று பெயர். அதற்குக் கோபமும் கிடையாது, இரக்கமும் கிடையாது. எழுதியிருப்பதைச் செய்யும், அவ்வளவுதான்.

கிடங்கில் நாற்பதாயிரம் செவுள்கள் இருந்தன. குறுங்கோள் சுரங்கங்களில் பொடியும் கல்தூசி நுரையீரலில் படிந்து ஆளை மெல்ல மெல்லக் கொன்றுவிடும். அதைத் தடுக்க நெஞ்சில் துளையிட்டு விரல் நீள வடிகட்டி ஒன்றைப் பொருத்துவார்கள். அதுதான் செவுள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இளவயதில் சுரங்கத்தில் வேலை பார்த்த சதக்கத்துல்லாவின் நெஞ்சிலும் ஒன்று இருந்தது. ஆதாயம் குறைந்த சுரங்கங்களைக் கம்பெனி மூடியபோது, அங்கிருந்தவர்களுக்குச் செவுள் அனுப்புவதையும் சேர்த்தே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கத்தில் கொள்ளைக் கலங்கள் முளைத்தன.

காலை பத்து மணிக்கு அவற்றில் ஒன்று கண்ணில் பட்டது.

கலமதி திரையில் காட்டியது ஒரு கருப்புப் புள்ளிதான். விளக்கு இல்லை, அடையாள ஒலி இல்லை. சற்று நேரத்தில் அதிலிருந்து ஒரு படம் வந்தது: தலைமுடி முழுக்கத் தீப்பற்றி எரிய, கண் இமைக்காமல் பார்க்கும் ஒரு பெண் முகம். அந்த முகத்தை அறியாதவர் சூரியனுக்கும் வியாழனுக்கும் இடையில் யாரும் இல்லை. செவ்வாயில் பிள்ளைகளுக்கு அந்த முகத்தில் முகமூடி விற்றார்கள். உலகம்மாள். நான்கு கலங்களின் ஆட்களை மூச்சுத்திணற வைத்துக் கொன்றவள். பிடித்த கலத்தின் காற்றைத் திறந்து விட்டு, சன்னலுக்கு வெளியே நின்று உள்ளே இருப்பவர்கள் துடிப்பதை ரசிப்பாள் என்று சொன்னார்கள்.

கொள்ளைக் கலம் பன்னிரண்டு மணிக்கு வந்து சேரும் என்றது கலமதி. காவல் கலத்துக்குத் தகவல் போய்விட்டது. ஆனால் அது மூன்று மணிக்குத்தான் வரும்.

சதக்கத்துல்லா விண்ணுடைகளை எடுக்க ஓடினார். போன வேகத்தில் வெறுங்கையோடு திரும்பி, அலமாரி பூட்டியிருக்கிறது, என்ன செய்தும் திறக்கவில்லை என்றார். செலஸ்தீனா கலமதியிடம் காரணம் கேட்டாள்.

"சரக்குக் காப்பு நிபந்தனை, பிரிவு முந்நூற்றுப் பதினேழு," என்றது கலமதி. "அந்நியர் எவரேனும் கலத்தின் மேற்பரப்பைத் தொட்டால், உள்ளிருக்கும் காற்று முழுவதும் வெளியேற்றப்படும். பணியாளர்கள் பிணைக் கைதிகளாகிப் பேரம் பேச உதவாதிருக்க, விண்ணுடைகள் வழங்கப்படமாட்டா. இதற்கு நீங்கள் இருவரும் சம்மதித்திருக்கிறீர்கள்."

"எப்ப சம்மதிச்சோம்?"

"இன்று காலை ஆறு மணிக்கு. இந்தப் பயணத்தில் மட்டும் இதற்கு முன்பு தொள்ளாயிரத்து இருபத்தாறு முறை."

செலஸ்தீனா தன் பெருவிரலைப் பார்த்தாள். யாரோ வேறு ஒருவருடைய விரல் போல் இருந்தது அது.

சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றாள். எட்டு நாள் முன்னறிவிப்பு தேவை என்றது கலமதி. சதக்கத்துல்லா குறடும் நெம்புகோலுமாக அலமாரியோடு மல்லுக்கட்டினார். கதவு அசையவில்லை. காற்றுவாய்கள் வெளிச்சுவரில் இருந்ததால் உள்ளிருந்து அவற்றை அடைக்கவும் வழியில்லை.

அவள் பலகையின் முன் உட்கார்ந்து வாழ்க்கையில் முதல்முறையாக நிபந்தனைகளைப் படிக்கத் தொடங்கினாள். ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம். வழக்காடு மன்றம் எந்தக் கோளில், பல் வலிக்கு விடுப்பு உண்டா, கலத்தில் பாடினால் அந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம் என்றெல்லாம் எழுதியிருந்தது. கண்கள் வரிகளில் ஓட, காது மட்டும் தூரத்தைச் சொல்லிக்கொண்டிருந்த கலமதியிடம் இருந்தது. தொள்ளாயிரத்துச் சொச்சம் பக்கத்தில் ஒரு வரி அவளை நிறுத்தியது. ஒப்பம் காலாவதியானால் அதன் கீழ் வரும் எல்லாப் பிரிவுகளும் செல்லாது.

இரண்டு மணிக்குப் பலகை ஒளிரும். அப்போது விரல் வைக்காமல் இருந்தால் காற்று நின்றுவிடும். ஆனால் பிரிவு முந்நூற்றுப் பதினேழும் செத்துப்போகும். அலமாரி திறக்கும். அதுவரை கலத்தை யாரும் தொடக்கூடாது.

மணி பதினொன்று ஐம்பது. அவள் ஒலிவாங்கியை எடுத்தாள்.

"உலகம்மா... எங்க கலத்தத் தொட்டுராதீங்க. தொட்டா காத்தத் தொறந்து விட்ரும். ரெண்டு பேரும் செத்துப்போவோம்."

எரியும் முகம் திரையிலிருந்து மறைந்து, அந்த இடத்தில் களைத்த, நரைத்த பெண் ஒருத்தி வந்தாள். தலைமுடியை ஒரு துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"முந்நூத்திப் பதினேழா?" என்று கேட்டாள் உலகம்மாள். "அதத்தான் நாலு கலத்துலயும் பாத்தோம். கொக்கி பட்ட ஒடனே உள்ள உள்ளவுக மூஞ்சி சன்னல்ல வந்து ஒட்டிக்கிட்டு... எங்களால ஒண்ணும் செய்ய முடியல. யாருமே முன்கூட்டிச் சொல்லல. அவுகளுக்கே தெரியாதுல்லா."

செலஸ்தீனா இரண்டு மணிக் கணக்கைச் சொன்னாள். மூன்று மணிக்குக் காவல் கலம் வரும் என்பதை மறைக்கலாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டு அதையும் சொல்லிவிட்டாள்.

இரண்டு மணி நேரம் சும்மா நிற்பது என்றால் தப்பிக்க ஒரு மணி நேரம்கூட மிஞ்சாது. இதைத் தனியாக முடிவு செய்யத் தனக்கு அதிகாரம் இல்லை, ஆட்களைக் கேட்க வேண்டும் என்றாள் உலகம்மாள். இணைப்பைத் துண்டிக்காமலே அவள் கேட்டாள். ஒருவன், செவுள் தீர்ந்து நம் பிள்ளைகள் அங்கே இருமிக்கொண்டு கிடக்கும்போது கம்பெனிக்காரர்களுக்காக நாம் ஏன் சாக வேண்டும் என்றான். அவன் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க செலஸ்தீனாவால் முடியவில்லை. பிறகு கை தூக்கச் சொன்னார்கள். பதினொரு பேரில் காத்திருப்போம் என்று ஆறு கை உயர்ந்தது.

கருப்புக் கலம் இருநூறு மீட்டர் தள்ளி அசையாமல் நின்றது.

இரண்டு மணிக்குப் பலகை ஒளிர்ந்தது. எப்போதும் போல இனிமையாக மணி ஒலித்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். காற்று நின்றதும் வாழ்நாள் முழுக்கக் காதில் இருந்த ஒரு இரைச்சல் அடங்கியது. அலமாரி திறக்கவில்லை. காற்றழுத்தம் பாதியாகக் குறைந்த பிறகே அவசர நிலை தொடங்கும், அதன் பிறகே பூட்டு விடும் என்றது கலமதி. ஒப்பம் இல்லாதவர்களுக்கு மிச்சக் காற்றையும் கம்பெனி விட்டுவைப்பதில்லை; எங்கோ காற்றுவாய்கள் திறந்து அது மெல்லக் கசியத் தொடங்கியது. செலஸ்தீனாவின் காதுகள் அடைத்தன. சதக்கத்துல்லாவின் உதடுகள் நீலம் பாரித்தன. அவருடைய செவுள் சீழ்க்கை அடித்தது.

அப்போதுதான் அவர் கை எழுந்தது. கண்கள் அரைவாசி மூடியிருந்தன. மூச்சு முட்டினால் விரல் வைக்க வேண்டும் என்பது அந்தக் கைக்கு ஐம்பத்தெட்டு வருடமாகத் தெரியும். பெருவிரல் பலகையைத் தொட அரை அங்குலமே இருந்தபோது செலஸ்தீனா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் திமிறினார். இருவரும் தரையில் விழுந்தார்கள். அவள் அவர் கைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"வேண்டாண்ணே. கொஞ்சம் பொறுங்க."

"வுடு தங்கச்சி... ஒரே ஒரு தடவ..."

அவளுக்கும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பச்சை ஒளி மட்டும் தெரிந்தது. அவளுடைய வலது கையும் தானாக ஊர்ந்தது. அதை அவள் தன் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். எத்தனை நிமிடம் போனது என்று அவளுக்குத் தெரியாது. எங்கோ தொலைவில், கிணற்றுக்குள் ஒலிப்பது போல, பூட்டு விடுபடும் ஓசை கேட்டது.

அவர் தலையில் கவசத்தை மாட்டிவிட்டுத்தான் அவள் தன்னுடையதை எடுத்தாள்.

கொள்ளைக்காரர்கள் வந்து இருபத்தைந்து நிமிடத்தில் கிடங்கைக் காலி செய்தார்கள். யாரையும் அடிக்கவில்லை. புறப்படும்போது உலகம்மாள் இருவரையும் பார்த்தாள். இருப்பதென்றால் இருக்கலாம், பலகையில் விரல் வைத்தால் காற்று வரும், காவல் கலமும் வந்துவிடும் என்றாள். வருவதென்றாலும் தடையில்லை. செலஸ்தீனா பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அது இன்னும் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. இருவரும் கருப்புக் கலத்துக்குப் போனார்கள்.

காவல் கலத்தின் ஒளி கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் அவர்கள் ஒரு பெரிய பாறையின் நிழலுக்குள் மறைந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் எல்லோரும் கவசத்தைக் கழற்றினார்கள். சதக்கத்துல்லாவின் செவுள் அடைத்திருப்பதைப் பார்த்து ஒருவன் புதுப்பெட்டி ஒன்றை உடைத்து அவருக்கு மாற்றிவிட்டான். யாரோ சுக்குக் காப்பி கொடுத்தார். விரல் வைக்காமல் வந்த காற்றில் செலஸ்தீனா மூச்சுவிட்டாள்.

பிச்சையா என்ற வயதான பண்டகசாலைக்காரர் ஒரு தகட்டை எடுத்து வந்தார். இந்தக் கலத்தில் சேர்கிறவர்களுக்குப் பதினொரு விதி உண்டு. ஒவ்வொன்றையும் உரக்க வாசிப்பார். கேட்டு முடித்த பிறகு பிடித்திருந்தால் ஒப்பம் வைக்கலாம், இல்லாவிட்டால் அடுத்த துறையில் இறங்கிக்கொள்ளலாம். இதைச் சொல்லிவிட்டு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முதலாவது, கிடைக்கிற சோறும் காத்தும் எல்லாருக்கும் சமம். ரெண்டாவது..."

அவர் நிறுத்தினார். செலஸ்தீனாவின் பெருவிரல் ஏற்கெனவே தகட்டின்மேல் இருந்தது.

அவளே அதை அப்போதுதான் கவனித்தாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். தகட்டில் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. அவமானத்தில் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சதக்கத்துல்லா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை. உலகம்மாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அழாத. நானும் இப்படித்தான் வச்சேன். ஒன்பது வருசம் ஆச்சு. எனக்கு முதல் விதிகூட வாசிச்சு முடியல. பதினோராவது என்னன்னு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு."

"என்ன அது?"

"தலைவரா யாரத் தேர்ந்தெடுத்தாலும் அவுக மாட்டேன்னு சொல்லப்படாது. கம்பெனி தூக்குல போடுறது தலைவரத்தான்லா. வாசிச்சுக் கேட்டவுக எல்லாரும் அந்த ஒரு விதிக்கு மட்டும் மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் ஒப்பம் வச்சாக. கேக்காம எல்லாத்துக்கும் சேத்து வச்சது நான் ஒருத்திதான்."

செலஸ்தீனா நிமிர்ந்து பார்த்தாள். உலகம்மாள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தாள். பெரிய பாரம் ஒன்றை இறக்கிவைத்தவள் போல இருந்தது அவள் முகம்.

"அடுத்த தேர்தல் எப்ப அண்ணாச்சி?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"வர்ற வெள்ளிக்கிழம," என்றார் பிச்சையா.

சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் செலஸ்தீனாவைப் பார்த்து அன்பாகப் புன்னகைத்தார்கள். ஒருவன் அவளுக்கு இன்னொரு குவளை காப்பி கொண்டுவந்து கொடுத்தான்.